நகத்தளவுப் பிளாஸ்டிக்கிற்காக ஒரு முழு செட்



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை சித்திரை வெயிலில் கார் ஓட்டியவர்களுக்குக் கரிசல் புழுதியைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளத்தில் அது படிந்து இறுகுகிறது. மோட்டார் திணறுகிறது, கண்ணாடியை இழுக்கும் மெல்லிய கம்பிவடம் தேய்கிறது. ஒருநாள் சுவிட்சை அழுத்தினால் கதவுக்குள் சத்தம் மட்டுமே வருகிறது, கண்ணாடி அசைவதில்லை.

பழைய கார் வாங்கிய குடும்பங்கள் பலவும் இதனைத் தாமே சரிசெய்ய முனைகின்றன. பொறுமைக்குச் சோதனை கதவின் உட்பலகையிலேயே தொடங்கிவிடுகிறது. கைப்பிடிக் குழிக்குள் மறைந்திருக்கும் திருகாணி எளிதில் கண்ணில் படாது. ஓரத்துக் கிளிப்புகள் வெயிலில் வெந்திருக்கும். நான்கைக் கழற்றினால் இரண்டு உடையும். உள்ளே கை நுழைய இடமில்லை. ஒருவர் கண்ணாடியைத் தாங்க, மற்றொருவர் போல்ட்டைத் தேட, அஸருக்குப் பின் தொடங்கிய வேலை மஃரிப் பாங்கு ஒலிக்கும்போதும் முடிந்திருக்காது.

நாம் குறைகூற வந்தது இதையன்று. இத்தனைக்கும் பிறகு வெளிவருவது, பெரும்பாலும், கண்ணாடியைக் கம்பிவடத்தோடு பிணைக்கும் நகத்தளவுப் பிளாஸ்டிக் துண்டின் உடைசல்தான். கடையில் அது தனியே கிடைப்பது அரிது. ரெகுலேட்டர் முழுவதையும், சில கார்களுக்கு நன்றாக ஓடும் மோட்டாரையும் சேர்த்து வாங்கியாக வேண்டும். உளூச் செய்யும் நீரைக்கூட வீண்விரயம் செய்யலாகாது என்று மத்ரஸாப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், இதனை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

உதிரிபாகங்களும் பழுதுபார்க்கும் விவரங்களும் வெளிச்சந்தைக்குத் தாராளமாக வராதபடி வைத்திருந்ததாக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டிற்குச் சென்றது. 2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் பட்டியலில் கார்களும் உண்டு. நல்ல தொடக்கங்களே. ஆனால் உரிமை என்பது நம் ஊர்க் கடையில் அந்தச் சிறு துண்டு தனியாகக் கிடைக்கும்போதுதான் உரிமையாகும். கார் வாங்கும்போது மைலேஜைக் கேட்கும் நாம், எந்தப் பாகம் தனியே கிடைக்கும் என்பதையும் கேட்டாக வேண்டும். கேட்பவர் இல்லாத பொருளை எவர் விற்பார்?

அதுவரை, செட் வாங்க ஓடுமுன் ஃபியூஸையும் சுவிட்சையும் சோதியுங்கள். மோட்டார் சத்தம் கேட்டால் அதற்கு இன்னும் உயிருண்டு. பழைய உதிரிபாகக் கடையில் ரெகுலேட்டரை மட்டும் விசாரியுங்கள். கம்பிவடம் விறைப்பாக இருக்கும், விரல் கவனம். ரப்பர் பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உட்பலகைக்குப் பின்னுள்ள பிளாஸ்டிக் தாளைத் தேவையற்றதென எறிந்துவிடாமல் மீண்டும் ஒட்டிவிடுங்கள். இல்லையேல் ஐப்பசி மழைநீர் கதவு வழியே உள்ளே இறங்கிக் காலடி விரிப்பை நனைத்துவிடும்.