மீனும் பாலும் சேர்ந்தால் சாப்பாடுதான் ஆகும்!

மீன் சாப்பிட்ட வாயோடு பால் குடிக்கக்கூடாது, தயிர் தொடக்கூடாது, மீறினால் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வந்துவிடும். இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்கவும். யாரும் இல்லையா? எனக்குத் தெரியும். பாட்டி சொல்வார், எதிர்வீட்டு அக்கா சொல்வார், மீன் வாசனையே ஆகாத மாடிவீட்டு மாமிகூடச் சொல்வார். கொஞ்சம் விட்டால் மீன் விற்கிறவரே சொல்லி அனுப்புவார்.

இந்தப் பேச்சு தப்பு. தப்பு மட்டுமில்லை, கொடுமையானதும்கூட. இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுச் சண்டைக்கு வரவும் :-)

கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு ஓவனில் மீனை வொயிட் சாஸ் ஊற்றி பேக் செய்கிறேன். மிச்சத்தை ஒருநாள் டப்பாவில் கல்லூரிக்குக் கொண்டு போனேன். நாலு கை ஆசையாக நீண்டது. "உள்ளே பால் இருக்கு" என்றதும் மூன்று கை பின்வாங்கியது. மூன்றுமே அறிவியல் படிக்கிற கை. நாலாவது கைதான் டப்பாவைக் காலி செய்தது. அது இன்றுவரை நலமாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். வெண்புள்ளி என்பது என்ன? நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதைத் தயாரிக்கும் செல்களை நம் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே எதிரி என்று நினைத்துத் தாக்கி அழிக்கிறது. அழிந்த இடம் வெளுக்கிறது. பரம்பரைக் கூறும் இதில் உண்டு. மீனும் பாலும் சேர்வதால் இது வரும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. இது ஒட்டுவதும் இல்லை. 'வெண்குஷ்டம்' என்ற பெயரே தவறு. குஷ்டம் எனப்படும் தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. ஹான்சன் என்ற நார்வே மருத்துவர் 1873-லேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை.

ஆதாரம் வேண்டாம், அனுபவம் போதும் என்பீர்களா? அதற்கும் வருகிறேன். ஸ்காட்லாந்தில் கல்லன் என்று ஒரு கடலோர ஊர். புகையூட்டிய ஹாடக் மீனையும் உருளைக்கிழங்கையும் பாலில் வேகவைக்கிற 'கல்லன் ஸ்கிங்க்' சூப்புக்குப் பெயர்போன ஊர். ஃபின்லாந்தில் சால்மன் மீனைப் பாலும் க்ரீமும் சேர்த்து சூப் வைக்கிறார்கள். இங்கிலாந்தின் மீன் பையில் பாதி வொயிட் சாஸ்தான். வெள்ளைக்காரனுக்கு ஏற்கெனவே தோல் வெள்ளைதானே என்று ஜோக்கடிப்பவர்கள் வங்காளத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே மீனைத் தயிரில் சமைக்கிற 'தொய் மாச்' விருந்துச் சாப்பாடு. வெண்புள்ளி உலகம் முழுக்க எல்லா இனத்தவருக்கும் இருக்கிறது. மீனே தொடாத சைவர்களுக்கும் வருகிறது. அவர்கள் எந்த மீனைத் தின்று எந்தப் பாலைக் குடித்தார்களாம்?

அவ்வளவு ஏன், நம்ம ஆட்களே ஹோட்டலில் ஃபிஷ் டிக்கா கேட்கிறார்களே, அது எதில் ஊறுகிறது? தயிரில். மீன் பிரியாணிக்கு என்ன தொட்டுக்கொள்கிறார்கள்? தயிர்ப் பச்சடி. பில் கட்டி வெளியே வந்து என்ன வாங்குகிறார்கள்? ஐஸ்கிரீம். அது பாலில்லாமல் பனங்காயிலா செய்கிறார்கள்? காசு கொடுத்துச் சாப்பிட்டால் வராத புள்ளி, வீட்டில் செய்தால் மட்டும் வந்துவிடுமாம்!

"வயிற்றுக்குள் போய்ப் பால் திரிந்துவிடும்" என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். ஐயா, பால் எந்த வயிற்றுக்குள் போனாலும் திரியத்தான் செய்யும். உள்ளே இருப்பது அமிலம். செரித்து முடிந்தபின் மீன் புரதம், பால் புரதம் எல்லாமே அமினோ அமிலங்கள்தான். அங்கே போய் அவை சாதிச் சண்டை போடுவதில்லை.

பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? சும்மா சொல்லவில்லை. சரக சம்ஹிதையிலேயே மீனும் பாலும் ஒன்றுக்கொன்று விரோதமான உணவு என்று இருக்கிறது. அப்படிப்பட்ட உணவால் வரும் நோய்ப் பட்டியலில் தோல் நோய்களும் உண்டு. ஐஸ் இல்லாத காலம், வெயில் ஊர், இரண்டும் சீக்கிரம் கெடுகிற பொருள்கள். எச்சரிக்கையாக இருந்ததில் நியாயம் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் எச்சரிக்கை வேறு, நோய்க் காரணம் வேறு.

மீன் சாப்பிட்டதும் உடம்பு தடித்துச் சிவந்து அரித்ததை நேரில் பார்த்திருப்பீர்கள். அது பொய்யில்லை. கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களை ஐஸில் வைக்காமல் விட்டால் பாக்டீரியாக்கள் அதில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவக்கும், தடிக்கும், அரிக்கும். தப்பு ஐஸ் போடாதவருடையது, பழி பக்கத்தில் இருந்த தயிருக்கு! மீனோ பாலோ ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்க்கத்தான் வேண்டும். அது தனித்தனிக் கதை, கூட்டணிக் கதை அல்ல.

"போகட்டும், நம்பிவிட்டுப் போகிறார்கள், உனக்கென்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். நஷ்டம் எனக்கில்லை, என் சித்தி மகளுக்கு. ஒன்பது வயதில் அவள் முழங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. வந்த சொந்தமெல்லாம் சித்தியைத்தான் நிறுத்தி வைத்து விசாரித்தது. "மாசமா இருந்தப்ப மீனைத் தின்னுட்டுப் பாலைக் குடிச்சியாடி?" பெற்றவள் குற்றவாளி, பிள்ளை தண்டனை. வளர்கிற பெண்ணுக்கு மூன்று வருஷம் மீன் இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை, எல்லாம் பத்தியம். புள்ளி அதுபாட்டுக்குப் பரவியது. அதன் பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனார்கள். பூச்சு மருந்து, புற ஊதாக் கதிர் சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன; சீக்கிரம் தொடங்கினால் பலன் கிடைக்க வாய்ப்பும் அதிகம். அந்த மூன்று வருஷத்தை யார் திருப்பித் தருவது?

புள்ளி வந்தவரைப் பார்த்து "என்ன சாப்பிட்டே?" என்று கேட்பது ஆறுதல் இல்லை. நீதான் வரவழைத்துக்கொண்டாய் என்ற குற்றச்சாட்டு. நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களும் இதே கேள்வியோடுதான் வருவார்கள். மூடநம்பிக்கையில் தீங்கில்லாதது என்று ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சரி, திட்டியது போதும், சமைப்போம்.

நல்ல கொடுவா அரைக்கிலோ. துண்டு போடாமல் முள் நீக்கிச் சதையாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். செவுள் சிவப்பாக இருக்கிறதா, ஐஸில் இருந்ததா என்று பாருங்கள். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். கழுவித் துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்து உப்பு, மிளகுத்தூள் தடவி வையுங்கள். ஈரம் இருந்தால் சாஸ் நீர்த்துப்போகும்.

இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் உருக்கி, நசுக்கிய பூண்டு இரண்டு பல், அதே அளவு மைதா போட்டு, நிறம் மாறாமல் ஒரு நிமிடம் வறுங்கள். ஒன்றரைக் கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிண்டுங்கள். கரண்டியின் பின்புறத்தில் ஒட்டி நிற்கிற பதம் வந்ததும் உப்பு, இடித்த மிளகு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள் சேர்த்து இறக்குங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் மீனை அடுக்கி மேலே சாஸை ஊற்றி, முன்பே சூடான ஓவனில் 200 டிகிரியில் சுமார் 20 நிமிடம். முள்கரண்டியால் தொட்டால் சதை வெள்ளையாக இதழ் இதழாகப் பிரிய வேண்டும். எலுமிச்சையைத் தட்டில் வைத்த பிறகு பிழியுங்கள். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான வாணலியில் மூடி போட்டு மெல்லிய தீயில் வைக்கலாம். மேலே பொன்னிறம் வராது, ருசி வரும்.

செய்து முடித்ததும் தனியாகச் சாப்பிடாதீர்கள். "புள்ளி வரும்" என்று சொல்கிற யாராவது ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பரிமாறுங்கள். சாப்பிட மறுத்தால் பரவாயில்லை, அவர் நாக்கு அவர் இஷ்டம். ஆனால் அடுத்த முறை வெண்புள்ளி உள்ள ஒருவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கச் சொல்லுங்கள். அதற்கு அடுப்புகூடப் பற்ற வைக்க வேண்டாம்.