பள்ளம் தோண்டும் செலவு யாருக்கு?

இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர் என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கே லூன் என்னும் ஆறு ஓடுகிறது. ஆற்றின் இரு பக்கமும் பச்சைப் புல்வெளி. ஆடும் மாடும் மேய்கின்றன. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பல வயல்கள்.

அந்த ஊர்களுக்கு இன்டர்நெட் சரியாக வரவில்லை. டெலிபோனுக்காகப் போட்ட பழைய செம்புக் கம்பியில்தான் வந்தது. செம்புக் கம்பி நீள நீள, வேகம் குறைந்துவிடும். பிள்ளைகளின் பாடம், பண்ணைக் கணக்கு, வியாபாரக் கடிதம் எல்லாம் இன்டர்நெட்டுக்கு மாறிவிட்ட காலம் அது. கம்பி கடைசியில் முடியும் வீட்டுக்காரர் என்ன செய்வார்? பெரிய கம்பெனிகளிடம் "பைபர் போடுங்கள்" என்று கேட்டார்கள். "கட்டுப்படியாகாது" என்பதே பதில்!

கம்பெனிகளின் கணக்கு தப்பா? தப்பில்லை. அதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

காசு எங்கே போகிறது?

பைபர் என்பது தலைமயிர் போன்ற கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓடுகிறது. அந்த ஒளிதான் செய்தியைச் சுமந்து போகிறது. இழையின் விலை பெரிதல்ல. அதைப் புதைக்க மண்ணைத் தோண்டுகிறார்களே, அந்தச் செலவுதான் பெரிது. சாலையை வெட்ட வேண்டும். போக்குவரத்தைத் திருப்பிவிட வேண்டும். மறுபடி தார் போட்டு மூட வேண்டும். பட்டணத்தில் 100 மீட்டர் தோண்டினால் இரு பக்கமும் வரிசையாக வீடுகள் கிடைக்கும். லூன் ஆற்றங்கரையில் ஒரு கிலோமீட்டர் தோண்டி ஒரு வீடு கிடைத்தால் அதிர்ஷ்டம்!

இன்னொரு சங்கதியும் உண்டு. கம்பி போகும் வழியில் உள்ள வீட்டுக்காரர் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். ஆனால் தோண்டிய செலவு தோண்டியதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராமத்தில் 100 வீடுகள். கம்பி போட 1 லட்சம் பவுண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (பவுண்டு என்பது இங்கிலாந்து நாணயம்.) மாதச் சந்தா 30 பவுண்டு. வருஷத்துக்கு 360. அதில் பாதி சம்பளத்துக்கும் பழுது பார்க்கவும் போய்விட்டால், மிச்சம் 180. எல்லா வீடும் சேர்ந்தால் வீட்டுக்கு 1,000 பவுண்டு முதலீடு. ஐந்தரை வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். 25 வீடு மட்டும் சேர்ந்தால்? வீட்டுக்கு 4,000 பவுண்டு. பணம் திரும்ப 22 வருஷம் ஆகும்! கடன் கொடுத்தவன் அதுவரை சும்மா இருப்பானா?

மண்வெட்டி எடுத்தார்கள்

2011-ம் ஆண்டில் அந்த ஊர்க்காரர்கள் தாங்களே ஒரு சங்கம் அமைத்தார்கள். பாரி போர்டு என்ற கம்ப்யூட்டர் நிபுணரும், கிறிஸ் கோண்டர் என்ற விவசாயி மனைவியும் முன்னால் நின்றார்கள். சங்கத்தை 'பார்ன்' என்று கூப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் களஞ்சியம் என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான்!

அவர்கள் கூடியவரை சாலையைத் தொடவில்லை. வயல் வழியே போனார்கள். நிலத்துக்காரர்கள் வாடகை கேட்காமல் வழி விட்டார்கள். விவசாயிகள் தங்கள் டிராக்டரைக் கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். பெண்களும் பள்ளத்தில் இறங்கி வேலை செய்தார்கள்.

பணத்துக்குப் பங்கு விற்றார்கள். ஒரு பங்கு 1 பவுண்டு. ஒருவர் எத்தனை பங்கு வாங்கினாலும் ஓட்டு ஒன்றுதான். தோண்டிய உழைப்பையும் பங்காக எழுதிக்கொள்ள வழி இருந்தது. வீட்டுக்கு இணைப்புக் கட்டணம் 150 பவுண்டு, மாதம் 30 பவுண்டு என்று தொடங்கினார்கள். வேகம் வினாடிக்கு 1,000 மெகாபிட்! பட்டணத்துக்காரர்களே பொறாமைப்பட்டார்கள்.

இதைப் பார்த்து, "இலவச உழைப்பு இருந்தால் எங்கும் பைபர் போடலாம்" என்று சிலர் சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல. உழைப்பு இலவசமல்ல. ஊர் மக்கள் தங்கள் விடுமுறை நாட்களைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பணக்காரப் பட்டணத்துக்குக் கம்பெனி செய்து கொடுக்கும் வேலையைக் கிராமத்துக்காரர் மட்டும் முதுகு வலிக்கச் செய்ய வேண்டும் என்பது என்ன நியாயம்? பிரிட்டிஷ் அரசாங்கம் 2019-ல் கிராமத்து வீடு ஒன்றுக்கு 1,500 பவுண்டு வரை இணைப்புச் செலவுக்கு உதவி தர முன்வந்தது. பல வீட்டார் அதை ஒன்றுசேர்த்துப் பள்ளத்துக்குச் செலவிட முடியும். உதவி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். மாதச் சந்தாவுக்கு மானியம் கொடுத்தால், பள்ளமே தோண்டாத ஊருக்கு அதனால் பயனில்லை.

ஆனால் சந்தாவை அடிமட்டத்துக்கு இறக்குவதும் ஆபத்து. உற்சாகம் முதல் இரண்டு வருஷம் இருக்கும். பத்தாவது வருஷம் மழையில் கம்பி அறுந்தால், சம்பளம் வாங்கும் ஆள்தான் போய் ஒட்ட வேண்டும். வெளியுலகத்தோடு இணைக்கும் பெரிய கம்பிக்கும் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் சந்தாவிலிருந்துதான் வர வேண்டும்.

ஊரில் தயங்குகிறவர்கள் எப்போதும் உண்டு. "பக்கத்து வீட்டுக்கு வரட்டும், பார்க்கலாம்" என்பார்கள். பள்ளம் திறந்திருக்கும்போது ஒரு வீட்டுக்குக் குழாய் இழுக்கக் கொஞ்ச நேரம் போதும். புல் முளைத்த பிறகு கேட்டால், அந்த ஒரு வீட்டுக்காக மறுபடி தோண்ட வேண்டும்.