தாய் வழியிலும் குடியுரிமை: பாதியில் நிற்கும் சீர்திருத்தம்

மலேசியாவில் பிறந்த அண்ணனும் தங்கையும் வெளிநாட்டவரை மணந்து சென்னையில் குடியேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அண்ணனுக்குப் பிறக்கும் குழந்தை சட்டப்படி மலேசியக் குடிமகன். தங்கைக்குப் பிறக்கும் குழந்தையோ அயலார். இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். வைத்திருப்பதும் ஒரே நாட்டின் கடவுச்சீட்டு. அவர்களின் குழந்தைகளை மட்டும் ஒரு சொல் பிரித்தது. மலேசிய அரசமைப்பின் இரண்டாவது அட்டவணையில் இருந்த ‘தந்தை’ என்பதே அந்தச் சொல்.

தாய்மார்களுக்கு எஞ்சியிருந்த வழி, அரசமைப்பின் 15(2)ஆவது பிரிவின்கீழ் விண்ணப்பிப்பது. ஆனால், அப்பிரிவின்படி அரசு குடியுரிமை ‘வழங்கலாம்’. வழங்கியே தீர வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, காரணம் சொல்லப்படாமலேயே நிராகரிக்கப்பட்ட தாய்மார்கள் பலர். தாயின் சொந்த நாட்டிலேயே அந்தக் குழந்தை விசாவைப் புதுப்பித்துக்கொண்டு வாழ வேண்டும். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டும். குழந்தையோடு ஊர் திரும்ப வழியின்றி, வன்முறை நிறைந்த மணவாழ்வைச் சகித்துக்கொள்ளும் நிலைக்கும் பெண்கள் தள்ளப்படுகிறார்கள்.

பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் திருத்தம் 2001இலேயே மலேசிய அரசமைப்பின் 8(2)ஆவது பிரிவில் சேர்க்கப்பட்டுவிட்டது. அதன் ஒளியில் ‘தந்தை’ என்னும் சொல் தாயையும் உள்ளடக்கும் என்று 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில், இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. இறுதியில் நாடாளுமன்றமே முன்வந்தது. 2024 அக்டோபர் 17 அன்று மக்களவையில் 206 உறுப்பினர்களின் ஆதரவோடு அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது. ‘தந்தை’ இருந்த இடத்துக்குப் ‘பெற்றோரில் குறைந்தது ஒருவர்’ வந்தது.

வரவேற்க வேண்டிய வெற்றிதான் இது. எனினும், இதைப் பாதி வெற்றி என்றே நான் கருதுகிறேன். இத்திருத்தத்துக்கு முன்தேதிப் பயன் கிடையாது. நடைமுறைக்கு வரும் நாளுக்குப் பின் பிறக்கும் குழந்தைகளுக்கே அது பொருந்தும். இந்தப் போராட்டத்துக்குக் காரணமாக இருந்த குழந்தைகளோ மீண்டும் 15(2)இன் கருணையையே எதிர்நோக்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கான வயது வரம்பும் அதே திருத்தத்தால் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டுள்ளது. ஒரே தாயின் மூத்த பிள்ளை அயலார், இளைய பிள்ளை குடிமகன் என்ற நிலை உருவாகும். அண்ணன், தங்கை குழந்தைகளிடையே இருந்த கோடு, இனி உடன்பிறந்தோரிடையே விழும்.

சட்டம் பின்னோக்கிச் செல்வது நிர்வாகத்துக்குச் சாத்தியமில்லை என்பார்கள். அண்டை நாடான இந்தோனேசியா அதைச் செய்து காட்டியிருக்கிறது. தாய்க்குச் சம உரிமை வழங்கிய அதன் 2006ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்கெனவே பிறந்த 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் நான்கு ஆண்டுகளுக்குள் பதிவுசெய்து குடியுரிமை பெற இடமளித்தது. இரட்டைக் குடியுரிமை பெருகிவிடும் என்ற அச்சத்திலும் வலுவில்லை. அந்நியப் பெண்ணை மணந்த மலேசிய ஆணின் குழந்தைக்கும் அதே வாய்ப்பு உண்டு. அதை யாரும் ஆபத்தாகக் கருதியதில்லை.

மலேசியாவை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தாய் வழியே குடியுரிமை செல்ல இந்தியா 1992இல்தான் வழிவிட்டது; இலங்கை 2003இல் தன் சட்டத்தைத் திருத்தியது. இன்றும் 20க்கும் மேற்பட்ட நாடுகள் இவ்வுரிமையைத் தாய்க்குச் சமமாக வழங்கவில்லை.

ஒவ்வொரு குழந்தைக்கும் நாட்டுரிமை உண்டு என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு. அங்கே குழந்தையின் பிறந்த தேதிக்கு நிபந்தனை ஏதும் இல்லை. ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தைகளுக்கும், இந்தோனேசியாவைப் போல, குறிப்பிட்ட காலத்துக்குள் உரிமையாகவே பதிவுசெய்யும் வாய்ப்பை மலேசியா அளிக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றிய நாடாளுமன்றத்துக்கு, இன்னும் ஒரு பிரிவைச் சேர்ப்பது கடினமான வேலையல்ல.