மடற்பனையும் மாணவரும்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாள்களில், பங்குப் பள்ளியின் அலுவலக வாயிலில் நாம் ஆண்டுதோறும் கேட்கும் வாசகம் ஒன்று உண்டு. மகனைக் கைப்பிடித்து அழைத்து வரும் தந்தை, வகுப்பாசிரியரிடம் அவனை ஒப்படைத்து, “கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்கிறார். ஆசிரியர் புன்னகைக்கிறார். தாளாளர் என்ற முறையில் அருகில் நிற்கும் நாமும் புன்னகைக்கிறோம். சிறுவன் மட்டும் புன்னகைப்பதில்லை. பள்ளி அஞ்ச வேண்டிய இடம் என்னும் முதல் பாடத்தை, வகுப்பில் நுழையும் முன்பே அவன் கற்று முடித்துவிட்டான்.

நம் பள்ளிகளைப் பற்றிக் கூடும் கூட்டங்களில் கட்டடம் பேசப்படுகிறது. கணினி அறை பேசப்படுகிறது. தேர்ச்சி விழுக்காடு மிகுதியாகவே பேசப்படுகிறது. தேர்ச்சி குறைந்தால் காரணமும் உடனே கிடைத்துவிடுகிறது: “இந்த ஆண்டுப் பிள்ளைகள் சரியில்லை.” இந்த வாசகத்தோடுதான் நமக்கு வழக்கு. பிள்ளைகளின் வீட்டு வறுமையையும் எழுத்தறியாப் பெற்றோரின் இயலாமையையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அவை பள்ளி வாயிலுக்கு வெளியே உள்ளவை. வாயிலுக்கு உள்ளே, மாணவனின் கல்வியை ஆக்கவும் அழிக்கவும் வல்லது ஆசிரியரின் நடத்தையே. பாடத்தின்மீது மாணவன் கொள்ளும் விருப்பும் வெறுப்பும், அப்பாடத்தைக் கற்பிப்பவரின் முகத்திலிருந்தும் நாவிலிருந்தும் பொறுமையிலிருந்துமே பிறக்கின்றன என்பது நம் துணிபு.

இது மேல்நாட்டாரிடம் கடன் வாங்கிய கருத்தன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய சமண முனிவர் பவணந்தியார், தம் பொதுப்பாயிரத்தில் ஆசிரியரின் இலக்கணத்தை முன்னும் மாணாக்கரின் இலக்கணத்தைப் பின்னும் வைத்தார். நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றுக்கு ஒப்பிட்டார். ஆசிரியராகத் தகாதவரையோ கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்றார். மடற்பனை என்பது, மட்டைகள் சூழ நிற்பதால் எவரும் ஏற இயலாத பனை. பழம் தானாக விழுந்தால் உண்டு. நெருங்கிச் சென்று பறிக்க வழியில்லை. அறிவு நிறைந்திருந்தும் மாணவன் அணுக முடியாத ஆசிரியர் இத்தகையவர். அதுமட்டுமன்று, கேட்போர் அஞ்சும்படி பேசுவதையும் ஆசிரியர்க்கு ஆகாத குணங்களுள் ஒன்றாக அவர் எண்ணினார். கடை மாணாக்கர்க்கு எருமையை நன்னூலே உவமை கூறியதன்றோ என்று வாதிட்டு மாணவனை ஏசுவோர், அதற்குச் சில நூற்பாக்கள் முன்னே நிற்கும் பனை மரத்தையும் ஏறிட்டுப் பார்க்கட்டும்.

இக்காலக் கல்வி ஆய்வும் இதையே வேறு வழியில் கூறுகிறது. அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். பெரும்பாலும் சுமார் 1 வினாடியே. அதிலும், நன்கு படிப்பவர் எனக் கருதப்பட்டோர்க்குக் கூடுதலான நேரமும் பின்தங்கியோர்க்குக் குறைந்த நேரமும் கிடைத்தன. காத்திருப்பை 3 வினாடி அல்லது அதற்கு மேலாக நீட்டியபோது விடைகள் நீண்டன. வாய் திறவாதிருந்தோரும் பேச முன்வந்தனர். எண்ணிப் பாருங்கள், இரண்டே வினாடிகள்! அதற்குக் கட்டட நிதி வேண்டியதில்லை, நன்கொடை வேண்டியதில்லை. மெல்லச் சிந்திக்கும் பிள்ளைக்கே நேரம் மிகுதியாக வேண்டும். அவனுக்கே நாம் அதை மறுக்கிறோம்.

ராபர்ட் ரோசெந்தால், லெனோர் ஜேக்கப்சன் ஆகிய இருவர் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் புகழ்பெற்றது. தொடக்கப் பள்ளி ஒன்றில் குலுக்கலில் எடுப்பதுபோல் சில பெயர்களைத் தெரிந்து, “இப்பிள்ளைகள் இவ்வாண்டில் மலர இருப்பவர்கள்” என்று ஆசிரியர்களிடம் கூறினர். ஆண்டின் முடிவில், முதல் இரு வகுப்புகளில் அப்பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் மற்றவரைவிட மிகுதியாக முன்னேறியிருந்தனர். இவ்விளைவின் அளவைப் பற்றி அறிஞரிடையே கடும் விவாதம் எழுந்தது உண்மை; பின்வந்தோர் அதைச் சிறிதென்றே மதிப்பிட்டனர். ஆயினும், ஆசிரியரின் உள்ளத்து எதிர்பார்ப்பு அவருடைய நடத்தையில் கசிந்து மாணவனை எட்டுகிறது என்னும் கருத்து இன்றும் நிலைத்து நிற்கிறது.

ஆய்வுகளைவிட நம்மை உறுத்துவது நம் சொந்தப் பிழை. குருத்துவம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த ஊரின் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தோம். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன், கேள்வி கேட்டால் சற்று நேரம் கழித்தே விடை கூறுவான். ஆனால் பெரும்பாலும் சரியாகக் கூறுவான். ஒரு நாள் வேடிக்கையாக அவனை ‘டியூப்லைட்’ என்றோம். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். மறுநாள் முதல் அதுவே அவன் பெயராயிற்று. அதன்பின் அவன் கை உயர்த்தியதாக நமக்கு நினைவில்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான்.

பல ஆண்டுகளுக்குப் பின் அவனுடைய திருமணத் திருப்பலியை நிறைவேற்றும் வாய்ப்பு நமக்கே கிட்டியது. ஒப்புதல் வார்த்தைகளை வாசிக்க வேண்டிய இடத்தில், அட்டையைக் கையில் பிடித்தவாறு வாய் திறவாமல் நின்றான். நாம் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னான். திருப்பலி முடிந்து பதிவேட்டில் கையெழுத்திட வந்தவன், “மன்னிச்சிருங்க சாமி, உங்க முன்னால படிக்கணும்னா இன்னும் நாக்கு எழும்ப மாட்டேங்குது” என்றான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அவன் அல்லன். ஆனால் அன்று நாம் கேட்கவில்லை. பதிவேட்டை மூடி வைத்தோம். இக்கட்டுரை அக்கடனில் ஒரு சிறு பகுதி.

“நாங்கள் எல்லாம் அடியும் ஏச்சும் வாங்கித்தானே ஆளானோம்?” என்று கேட்பார் உண்டு. அடிபட்டு ஆளானவர் மேடையேறிப் பேசுகிறார். அடிக்கு அஞ்சி ஓடிப்போனவரைப் பேச அழைப்பார் யார்? முன்னாள் மாணவர் விழாவுக்கு ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் வருவதில்லை. “அடியாத மாடு படியாது” என்பார் சிலர். பிள்ளையை மாடென்று ஏற்றுக்கொண்ட பின் பள்ளி எதற்கு? தொழுவம் போதுமே! கண்டிப்பு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தவற்றைத் திருத்துவது கண்டிப்பு. தவறு செய்தவனுக்குப் பட்டப்பெயர் சூட்டுவது அவமதிப்பு. கண்டிப்பான ஆசிரியரை மாணவர் முதுமை வரை நன்றியோடு நினைப்பதுண்டு. அவமதித்தவரையும் மறப்பதில்லை, அவர் கற்பித்த பாடத்தைத்தான் மறந்துவிடுகின்றனர்.

சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. தமிழக அரசு 2003-இல் தன் கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளிகளில் உடல்தண்டனையை ஒழித்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்தது. அச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2025-இல் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு அத்தீர்ப்பைக் குறித்து ஐயம் எழுப்பியது. வழக்கு எவ்வாறு முடியினும் முடியட்டும். பிள்ளையை இழிவுபடுத்தலாகாது என்னும் கடமையிலிருந்தும் நாம் விலக்குப் பெற்றோமோ? சிறுபான்மை உரிமை நம் நிறுவனங்களைக் காக்கத் தரப்பட்டது. நம் கைப்பிரம்பைக் காக்க அன்று.

நம் மரபு வேறு வழி காட்டுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளியின் நோக்கம் நிறைவேறுவது பெரிதும் ஆசிரியர்களையே சார்ந்தது என்றது. இளைஞர்களை நேசித்தால் மட்டும் போதாது. தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்று தொன் போஸ்கோ 1884-இல் உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு எழுதினார். இவர்கள் அனைவர்க்கும் மேலான ஆசிரியர், தடுமாறும் சீமோனைக் கண்டபோது ‘பாறை’ என்று பெயரிட்டார். அவர் மும்முறை மறுதலித்த பின்னும் அப்பெயரைத் திரும்பப் பெறவில்லை. நாமோ பாறையாக வேண்டியவனுக்கு ‘மண்டு’ என்று பெயரிடுகிறோம். பின்பு அவன் மண்டாகவே இருப்பதைக் கண்டு வியக்கிறோம்.

இப்பழியை ஆசிரியர் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. காலை ஒன்பது மணிக்கு நிர்வாகியின் அறையில் பிறர் முன்னிலையில் ஏசப்பட்ட ஆசிரியர், ஒன்பதரை மணிக்கு வகுப்பில் எதைக் கொடுப்பார்? பெற்றதைத்தானே கொடுப்பார்! நூறு விழுக்காடு தேர்ச்சி என்று விளம்பரத் தட்டி வைக்கத் துடிப்பது நாம். அதற்காகப் பின்தங்கிய பிள்ளையைச் சுமையாகக் காணும்படி ஆசிரியரைப் பழக்குவதும் நாமே. ஆசிரியரிடம் பொறுமையை எதிர்பார்க்கும் நிர்வாகி, முதலில் தம் அறையில் அதைக் கடைப்பிடிக்கட்டும். பெற்றோரே, தேர்ச்சி அறிக்கையைக் கண்டவுடன் “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்குமுன், “இன்று உன்னை ஆசிரியர் எப்படி அழைத்தார்?” என்று ஒருமுறை கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, கேள்வி கேட்டபின் மூன்று வினாடி காத்திருங்கள். பிள்ளையை அவனுடைய திருமுழுக்குப் பெயராலோ பெற்றோர் இட்ட பெயராலோ மட்டும் அழையுங்கள்.

அடுத்த ஜூனிலும் அத்தந்தை வருவார். அதே வாசகத்தைக் கூறுவார். நாம் இம்முறை புன்னகைக்கப் போவதில்லை. “ஐயா, உங்கள் மகனைத் தோலோடும் கண்ணோடும், பேசத் துணிந்த நாவோடும் திருப்பித் தருவது எங்கள் கடமை” என்று அச்சிறுவனின் காதில் விழும்படி கூறுவோம். அவ்வாண்டில் அவன் கேட்கும் முதல் பாடம் அதுவாக இருக்கட்டும்.