ஆட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம்: பேராக் கூடைப்பந்து நடுவர்களின் கோரிக்கைச் சாசனம்

ஈப்போ, சுங்கை சிப்புட், செம்மோர், பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் கூடைப்பந்துக்கு விசில் ஊதுகிறவர்கள் நாங்கள். எங்களோடு, பிள்ளைகளை ஆட அனுப்பும் பெற்றோரும் பயிற்சி தரும் ஆசிரியர்களும் இதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். போட்டி நடத்தும் சங்கங்களுக்கும், பள்ளி விளையாட்டு மன்றங்களுக்கும், அரங்குகளைக் கையில் வைத்திருக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போட்டி வைக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் இளைஞர் இயக்கங்களுக்கும் இந்தச் சாசனம் போகிறது. நடுவர்கள் ஆட்டத்துக்கு முன் ஒன்றாக உட்கார்ந்து தயாராக நேரமும் இடமும் ஆளும் செலவும் வேண்டும். இதெல்லாம் தேவை என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் தலையாட்டுகிறார்கள். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

முதலில் நேரம். அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி, ஆட்டம் தொடங்க 20 நிமிடம் இருக்கும்போதே நடுவரின் அதிகாரம் தொடங்கிவிடுகிறது. பயிற்றுநர் 40 நிமிடத்துக்கு முன்பே ஆட்டக்காரர் பட்டியலைப் புள்ளி எழுதும் மேசையில் கொடுத்தாக வேண்டும்; 10 நிமிடம் இருக்கையில் முதலில் இறங்கும் ஐவரை உறுதி செய்து கையெழுத்திட வேண்டும். அப்படியானால் நடுவர்கள் தங்களுக்குள் பேசி முடிப்பது அதற்கும் முன்னால்தான் நடக்க முடியும். ஒரு மணி நேரம் முன்னதாக அரங்கில் இருங்கள் என்று உலகம் முழுக்க நடுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். இங்கே ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஒரே திடலில் ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் ஓடுகிறது. அதே இரண்டு பேர் நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து ஊதுகிறார்கள். தண்ணீர் குடிக்கவே நேரமில்லாதவர்கள் எங்கே உட்கார்ந்து பேசுவது? ஒரு ஜோடிக்குத் தொடர்ந்து இரண்டு ஆட்டத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. நாளின் முதல் ஆட்டத்துக்கு முன் ஒரு மணி நேரமும், அடுத்தடுத்த ஆட்டங்களுக்கு இடையில் 15 நிமிடமும் அட்டவணையிலேயே அச்சாக வேண்டும். அடுத்த போட்டியின் அட்டவணை போடும்போதே இதைச் செய்துவிடலாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் அப்படி என்ன பேசுகிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு காட்சியைச் சொன்னால் போதும். பந்தோடு ஒருவன் வளையத்தை நோக்கிப் பாய்கிறான். எதிரணிப் பையன் குறுக்கே நிற்கிறான். இருவரும் மோதி விழுகிறார்கள். இரண்டு விசில் ஒரே நேரத்தில் கேட்கிறது. வளையத்துக்கு அடியில் நிற்கும் நடுவர் இரண்டு கையையும் இடுப்பில் வைக்கிறார்: தடுத்தவன் தவறு. பின்னாலிருந்து ஓடிவந்த நடுவர் முஷ்டியை மடக்கி உள்ளங்கையில் குத்துகிறார்: மோதியவன் தவறு. ஒரே மோதலுக்கு இரண்டு தீர்ப்பு. இரண்டு பெஞ்சும் எழுந்து நிற்கிறது, சுற்றி நிற்கும் கூட்டம் சிரிக்கிறது, அதன் பிறகு அந்த நடுவர்கள் எதை ஊதினாலும் ஒருவரும் நம்புவதில்லை. இதைத் தவிர்க்க முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தம் மிக எளிது. இரண்டு விசில் கேட்டால் இருவரும் முஷ்டியை மட்டும் உயர்த்தி அப்படியே நிற்பது, ஒருவரையொருவர் பார்ப்பது, மோதல் யாருடைய பகுதியில் நடந்ததோ அவர் மட்டும் சைகை காட்டுவது. அதே உட்காரலில் இன்னும் பல பேசி முடிவாகும். மூன்று புள்ளிக் கோட்டில் எறிபவனின் கால் யார் கணக்கு? கடைசி விநாடியில் பந்து கையை விட்டதா என்று யார் பார்ப்பது, கடிகாரத்தை யார் பார்ப்பது? கைகலப்பு வந்தால் ஒருவர் திடலையும் இன்னொருவர் இரண்டு பெஞ்சையும் கவனித்து, எழுந்து வந்தவர்களின் எண்ணைக் குறித்துக்கொள்வது. கத்துகிற பயிற்றுநருக்கு யார் முதலில் பதில் சொல்வது, எத்தனையாவது முறை எச்சரிப்பது. இவற்றையெல்லாம் திடலில் இறங்கிய பிறகு முடிவு செய்ய முடியாது. பந்து நம்முடைய யோசனைக்காகக் காத்திருக்காது.

இந்த முன்பேச்சுக்கு ஓர் அறை வேண்டும். ஈப்போவின் இந்திரா மூலியா போன்ற உள்ளரங்கைப் போல எல்லா இடத்திலும் வசதி வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. பள்ளியில் நடக்கும் போட்டிக்கு ஒரு வகுப்பறை போதும். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி, கரும்பலகை, அதற்கெல்லாம் மேலாக உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவு. கதவைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கேண்டீன் மேசையில் உட்கார்ந்தால் ஒரு பயிற்றுநர் கோப்பி-ஓவோடு வந்து பக்கத்தில் உட்காருகிறார். “சார், போன வாட்டி எங்க பையனுக்குக் கொஞ்சம் அநியாயம் ஆச்சு” என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு வராமல் இருக்கலாம். ஆனால் எதிரணிக்காரர் அதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பெண் நடுவர்களுக்கு உடை மாற்றத் தனி இடம் வேண்டும். கழிவறைக்குள் மாற்றிக்கொள்ளச் சொல்வது இன்றோடு நிற்க வேண்டும். பள்ளி அலுவலகத்தில் ஒரு சாவி வாங்கினால் தீரும் காரியம் இது. ஒரு காசு செலவில்லை.

நடுவர் நியமனம் ஒரு வாரத்துக்கு முன்பே எழுத்தில் வர வேண்டும், கூட ஊதப்போவது யார் என்ற விவரத்தோடு. இப்போது முந்தின இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்: “நாளைக்குக் காலையில வர முடியுமா?” எங்களில் பலர் மெங்லெம்புவிலும் தாசேக்கிலும் தொழிற்சாலை ஷிப்டு பார்க்கிறவர்கள். ஷிப்டு மாற்றிக்கொள்ள ஆள் பிடிக்கவே இரண்டு மூன்று நாள் ஆகும். கூட ஊதுபவர் யாரென்று தெரிந்தால் போனிலேயே பாதி பேசி வைத்துவிடலாம். அவர் எந்தப் பக்கம் நின்று பழகியவர், போன வாரம் எந்த முடிவில் தடுமாறினார் என்பதையெல்லாம் நேரில் பார்த்த பிறகுதான் கேட்க வேண்டும் என்பதில்லை.

அரையிறுதிக்கும் இறுதிக்கும் மூன்று நடுவர்கள் வேண்டும். 1891-இல் நெய்ஸ்மித் எழுதிய பதின்மூன்று விதிகளிலேயே இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவர் ஆட்களைப் பார்த்தார், மற்றவர் பந்தைப் பார்த்தார். அன்று ஆட்டம் மெதுவாக நடந்தது. இன்று பத்துப் பேர் 28 மீட்டர் நீளத் திடலில் 24 விநாடிக்குள் எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். பெரிய போட்டிகளில் மூவர் முறை வந்து நெடுநாள் ஆகிவிட்டது. எல்லா ஆட்டத்துக்கும் மூவர் கேட்டால் ஆள் போதாது என்பது எங்களுக்கே தெரியும். முக்கியமான ஆட்டங்களிலிருந்து தொடங்குங்கள் என்கிறோம். மூவர் முறையில் நிற்கும் இடங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், முன்பேச்சு இல்லாமல் மூன்றாவது ஆளைச் சேர்ப்பது குழப்பத்தைத்தான் கூட்டும். அறையும் நேரமும் முதலில், மூன்றாவது நடுவர் அதற்குப் பின்.

மேசையில் உட்காருகிறவர்களும் அந்த முன்பேச்சில் பத்து நிமிடம் கலந்துகொள்ள வேண்டும். புள்ளி எழுதுபவர், கடிகாரம் பார்ப்பவர், 24 விநாடிக் கருவியை இயக்குபவர் ஆகியோருக்கும் எங்களுக்கும் இடையில் வரும் குழப்பம்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி, அதே அணியின் கைக்கு வந்தால் 24 விநாடிக் கருவி 14-க்குப் போக வேண்டும். எதிரணிக்குப் போனால் 24. இதை மேசையில் இருப்பவர் மறந்தால் நாங்கள் எவ்வளவு நன்றாக ஊதியும் பயனில்லை. ஈப்போவில் மேசைப் பேச்சு பெரும்பாலும் காண்டனீஸில் ஓடும். ஊர் வழக்கம் அது, குறை சொல்லவில்லை. அந்தப் பத்து நிமிடமும், ஆட்டத்துக்குள் நடுவரோடு பேசும்போதும் மட்டும் மலாய் இருக்கட்டும்; எல்லாருக்கும் தெரிந்த மொழி அதுதான். புதிதாகச் சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக, முன்பேச்சில் பேச வேண்டியவற்றைத் தமிழில் நான்கு பக்கக் கையேடாக நாங்களே எழுதித் தருகிறோம். அச்சடித்துக் கொடுப்பது சங்கத்தின் பொறுப்பு.

பயணச் செலவு. ரப்பர் காலத்தில் காற்பந்துக் குழுவைத் தோட்டத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்துச் சனங்கள் மலிவு விலை வீடுகளுக்குப் போனார்கள், லாரியும் போய்விட்டது. இன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிற நடுவர், செம்மண் பாதையில் மோட்டாரை ஓட்டிப் பெரிய சாலைக்கு வந்து, அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவு ஈப்போவுக்கு வருகிறார். மழை வந்தால் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்குகிறார். அவர் தாமதமாக வந்தால் முன்பேச்சு போயிற்று. தூரத்துக்கு ஏற்ற பெட்ரோல் காசு, ஆட்டத்துக்கான சம்பளத்திலிருந்து தனியாகக் கொடுக்கப்பட வேண்டும். ஒரே வட்டாரத்து நடுவர்களை ஒரே ஆட்டத்துக்குப் போட்டால் ஒரு காரில் சேர்ந்து வருவார்கள். கார் புறப்பட்டதுமே பேச்சும் தொடங்கிவிடும். எங்களில் பலருடைய நல்ல முன்பேச்சுகள் அப்படிக் காரில் நடந்தவைதான்.

புதிய நடுவர்களை முன்னாள் தோட்டப் பகுதிகளிலிருந்தும் எடுக்க வேண்டும். பேராக்கில் கூடைப்பந்து சீனப் பள்ளிகளின் ஆட்டம் என்று பெயர் விழுந்துவிட்டது. அதற்கு வரலாறு இருக்கிறது. மலாயாவின் அவசரகாலத்தில், 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தால், பெரும்பாலும் சீனர்களைக் குடியமர்த்த எழுந்த புதுக்கிராமங்களில் கூடைப்பந்துத் திடல் ஊரின் ஓர் அங்கமாகவே ஆனது. தோட்டத்துக்கு இருந்தது காற்பந்துத் திடல். தோட்டத்துப் பிள்ளைகள் இன்றும் கூடைப்பந்து ஆட வேறு ஊர் போகிறார்கள். தோட்ட நிலத்தில் நிற்கும் பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு சிமெண்டுத் திடல் போடவே நில உரிமைக் கேள்வி குறுக்கே வருகிறது. அது பெரிய வழக்கு, தனியாக நடக்கட்டும். இப்போதே செய்யக்கூடியது இது: நடுவர் பயிற்சியை ஈப்போவில் மட்டும் வைக்காமல் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் ஆண்டுக்கு ஒரு முறை வையுங்கள். பயிற்சி பெறுகிறவர்கள் மூத்த நடுவர்களின் முன்பேச்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்க அனுமதியுங்கள். புத்தகத்தில் இல்லாததை அங்கேதான் கற்பார்கள். நம் இனத்தில் நடுவருக்கு ஆள் கிடைக்காது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி: 1974 உலகக் கிண்ணக் காற்பந்தில், மேற்கு ஜெர்மனியில், போலந்து - ஹைட்டி ஆட்டத்தை ஊதியவர் சிங்கப்பூரின் ஜார்ஜ் சுப்பையா.

திறந்தவெளித் திடல் ஈரமாக இருந்தால் ஆட்டத்தைத் தொடங்குவதா என்ற முடிவு நடுவர்களுடையதாகவே இருக்க வேண்டும். மாலை இடிமழை பேராக்குக்குப் புதிதில்லை. ஈரச் சிமெண்டில் வழுக்கி விழும் பிள்ளைக்கு முழங்கால் போகும். ஒரு மணி நேரம் முன்னால் வரும் நடுவர்கள் திடலை நடந்து பார்ப்பார்கள், வளையத்தை ஆட்டிப் பார்ப்பார்கள், கோடுகள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பிறகு, “வி.ஐ.பி. வந்துட்டாரு, ஒரு கால் மணி நேரம் மட்டும் ஆடட்டும்” என்று யாரும் வற்புறுத்தக் கூடாது.

சம்பளம் அன்றன்றே கையில் வர வேண்டும், ஆட்டம் முடிந்து தாளில் கையெழுத்திட்டதும். அடுத்த மாதம், கணக்கு முடிந்ததும் என்ற பேச்சு வேண்டாம். ஆட்டத்துக்குப் பின் நடுவர்கள் வண்டி வரைக்கும் போக ஏற்பாட்டாளர்களில் இருவர் கூட வர வேண்டும். கோபமான தந்தை ஒருவர் பார்க்கிங்கில் காத்திருப்பது எங்களில் பெரும்பாலோருக்குப் பழகிப்போன காட்சி. பழகியதால் அது சரியாகிவிடாது.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் பதில் வேண்டும். சாசனம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டும். அறை, நேரம், நியமனக் கடிதம், மேசைக் கூட்டம் ஆகிய நான்குக்கும் செலவு ஏதுமில்லை. அவற்றை அடுத்த போட்டியிலேயே தொடங்க வேண்டும். பயணக் காசுக்கும் பயிற்சிக்கும் அடுத்த ஆண்டு வரவுசெலவில் இடம் ஒதுக்க வேண்டும். எந்தப் போட்டியானாலும், அட்டவணை அச்சுக்குப் போகும் முன் எங்களில் இருவரை அழைத்துக் காட்டுங்கள்.