கேம் மாஸ்டரின் அதிகாரம் எதுவரை?

பாலடின் என்பவன் அறநெறிக்குக் கட்டுப்பட்ட போர்வீரன். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் ஒருவர் அந்தப் பாத்திரத்தை ஏற்று மாதக்கணக்கில் ஆடிவருகிறார். ஒரு நாள் அவருடைய குழு காப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்களின் குகையைப் பிடிக்கிறது. எதிர்த்து நின்ற காப்ளின்கள் எல்லாம் செத்தாயிற்று. மூலையில் அவற்றின் குழந்தைகள் ஒடுங்கிக் கிடக்கின்றன என்கிறார் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர். கொன்றால் குழந்தைகளைக் கொன்ற பாவம். விட்டால், வளர்ந்து ஊரைக் கொளுத்தப்போகிறவர்களைத் தப்பவிட்ட பழி. ஆட்டக்காரர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "விட்டுடறேன்" என்கிறார். "உன் தெய்வம் உன்னைக் கைவிட்டுடுச்சு. இனி நீ பாலடின் இல்லை" என்று தீர்ப்பு வருகிறது. மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். ஆட்டக்காரர் பகடையை வைத்துவிட்டு எழுந்திருக்கிறார்.

இந்த ஆட்டத்தை ஆடுபவர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடிவரும் வழக்கு இது. 1978-ல் வெளிவந்த ஆட்டக்காரர் கையேட்டின்படி, தெரிந்தே தீமை செய்யும் பாலடின் அந்தத் தகுதியை அப்போதே இழக்கிறான். மீட்க வழியே இல்லை. எது தீமை என்று முடிவுசெய்வது யார்? கேம் மாஸ்டர்தான். பொறியை வைத்தவரும் அவர், விழுந்தவனைத் தண்டிப்பவரும் அவர்.

இந்த ஆட்டத்தில் நாலைந்து பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம் உண்டு. ஊர், காடு, எதிரி, வழிப்போக்கர், மழை, வெயில் என்று மிச்சமிருக்கும் உலகம் முழுவதையும் கேம் மாஸ்டர் ஒருவரே நடத்துகிறார். விதியில் சந்தேகம் வந்தால் கடைசி வார்த்தையும் அவருடையதே. எதிரணிக்காக ஆடுகிறவரே நடுவராகவும் இருப்பதை வேறெந்த ஆட்டத்திலாவது ஒப்புக்கொள்வோமா? இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சண்டைகளின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

1824-ல் பிரஷ்ய ராணுவத்தின் லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ், அதிகாரிகளின் பயிற்சிக்காக ஒரு போர் ஆட்டத்தைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார். இரு தரப்பும் உத்தரவுகளை எழுதிக் கொடுக்கும். நடுவர் பகடையையும் அட்டவணைகளையும் பார்த்து முடிவு சொல்வார். 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அந்த அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள அதிகாரி தன் அறிவைக் கொண்டே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். ராணுவத்தில் அது செல்லுபடியாகும். மேலதிகாரி சொன்னபின் மறுபேச்சு ஏது?

1969-ல் அமெரிக்காவின் மினியாபோலிஸ்-செயின்ட் பால் பகுதியில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து நெப்போலியன் காலத்துப் போர் ஆட்டம் ஒன்றை நடத்தினார். தளபதிகளை மட்டும் வைத்து நடத்தாமல், அந்த ஊர்க்காரர்களின் பாத்திரங்களையும் ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அவர்களோ போரை மறந்துவிட்டுத் தங்களுக்குள் பேரம் பேசவும் சதி செய்யவும் தொடங்கினார்கள். எதிர்பாராத ஒவ்வொரு கேள்விக்கும் வெஸ்லி அந்த நிமிடமே பதிலை உருவாக்க வேண்டியதாயிற்று. ஆட்டம் கெட்டுவிட்டது என்றே அவர் நினைத்தார். வந்தவர்கள் இன்னொன்று நடத்துங்கள் என்று கேட்டார்கள். அவருடைய ஆட்டங்களில் ஆடிய டேவ் ஆர்னெசன் பிறகு 'பிளாக்மூர்' என்ற தன் கற்பனை நாட்டை உருவாக்கினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் வெளிவந்தது.

எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. நடத்துபவர் போட்ட திட்டத்தை ஆடுபவர்கள் மீறியதால் பிறந்த கலை இது. தான் எழுதி வைத்த கதையை விட்டு ஆட்டக்காரர்கள் விலகும்போது முகம் சுளிக்கும் கேம் மாஸ்டர், இந்த ஆட்டத்தின் உயிரையே குற்றமாகப் பார்க்கிறார். இந்த மேஜையில் ராணுவப் பதவியும் கிடையாது. தங்கள் ஓய்வுநேரத்தை ஒதுக்கி வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் ஒப்புக்கொள்ளும்வரைதான் அவர் சொல் எடுபடும்.

ஆனால் தொடக்ககால நூல்கள் அதிகாரத்தின் பக்கமே சாய்ந்தன. 1979-ல் வந்த கேம் மாஸ்டர் கையேட்டில், தொல்லை தரும் ஆட்டக்காரர்களை அடக்குவதற்கு கைகாக்ஸ் சில வழிகளைச் சொல்கிறார். வானத்திலிருந்து நீல மின்னலை இறக்கி அவர்களுடைய பாத்திரத்தைக் காயப்படுத்துவது அதில் ஒன்று. பாத்திரத்தின் வசீகரத்தில் ஒரு புள்ளியை நிரந்தரமாகக் குறைப்பது இன்னொன்று. இந்த யோசனை பெரும் தீங்கு செய்தது என்பேன். தாமதமாக வருவது, அடுத்தவரைப் பேசவிடாதது, செல்போனை நோண்டிக்கொண்டே இருப்பது எல்லாம் மனிதர்கள் செய்யும் தவறுகள். அவற்றுக்கான தண்டனையைக் கற்பனை மனிதன்மேல் இறக்கினால், எதற்காக இது நடந்தது என்றே அந்த ஆட்டக்காரருக்குப் புரியாது. பழிவாங்கப்பட்டோம் என்பது மட்டும் புரியும். அடுத்த வாரம் அவரும் ஆட்டத்துக்குள்ளேயே பதிலடி தேடுவார்.

ஆட்டக்காரர்களின் பக்கமும் குற்றம் உண்டு. கூட்டாளியின் பையிலிருந்தே திருடிவிட்டு, "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்று கைவிரிப்பவரைச் சந்திக்காத குழு இருக்காது. அந்தப் பாத்திரத்தை எழுதியவர் யார்? அவர்தானே! நாலு பேரோடு ஒத்துப்போகிற திருடனை அவரால் உருவாக்கியிருக்க முடியாதா? கேம் மாஸ்டரோ ஒரு மாலைப்பொழுதுக்காகப் பல மணி நேரம் வரைபடம் போட்டு, எதிரிகளுக்குக் கணக்கெழுதி, குரல் மாற்றிப் பேசப் பழகி வருகிறார். தயாரிப்பே இல்லாமல் வந்து உட்கார்ந்து அவரைக் குறுக்கு விசாரணை செய்வது அவர் உழைப்பை அவமதிப்பதாகும்.

மேஜைப் பூசல்களில் விதியைப் பற்றியவை எளிதானவை. கேம் மாஸ்டர் அப்போதைக்கு ஒரு முடிவு சொல்லட்டும், ஆட்டம் ஓடட்டும், புத்தகத்தை முடிந்தபிறகு புரட்டிக்கொள்ளலாம். எதை ஆட வந்திருக்கிறோம் என்பதில் வரும் பூசல்தான் குழுவை உடைக்கிறது. ஒருவருக்குச் சண்டை வேண்டும், ஒருவருக்கு அரசியல் வேண்டும், இன்னொருவருக்குக் குழந்தைகள் சாகும் காட்சியே ஆகாது. இதையெல்லாம் முன்கூட்டிப் பேசிக்கொள்வதற்குத்தான் 'செஷன் ஜீரோ' என்ற வழக்கம் வந்தது. 2013-ல் ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் 'எக்ஸ் அட்டை' என்ற எளிய ஏற்பாட்டை முன்வைத்தார். மேஜை நடுவே எக்ஸ் போட்ட ஓர் அட்டை இருக்கும். காட்சி தாங்க முடியாமல் போகும்போது யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம். காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைக் கடந்துவிடுவார்கள். ஆட்டத்தின் கூர்மை போய்விடும் என்று சிலர் இதை எதிர்க்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. வேண்டாதபோது நிறுத்திவிடலாம் என்ற உறுதி இருந்தால்தான் அச்சமூட்டும் கதைக்குள் துணிந்து போக முடியும்.

விதிகளை எழுதுவோரும் கேம் மாஸ்டரின் வரம்பை மறுபடி யோசித்திருக்கிறார்கள். வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் உருவாக்கி 2010-ல் வெளிவந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' ஆட்டத்தில் நடத்துபவர் பகடையே உருட்டுவதில்லை. அவர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளும் நூலிலேயே உண்டு. ஆட்டக்காரர்களின் பாத்திரங்களுக்கு ரசிகராக இரு என்பது அவற்றில் ஒன்று. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கூட 2014 பதிப்பில் பாலடினை அவன் எடுக்கும் சபதத்தோடு பிணைத்தது. சபதத்தின் ஷரத்துகள் புத்தகத்தில் அச்சாகியிருப்பதால், எதைச் செய்தால் நெறி தவறும் என்று ஆடுபவர் முன்பே படித்துக்கொள்ளலாம்.

புத்தகம் எவ்வளவு திருந்தினாலும், முகம் பார்த்துப் பேச வேண்டியதை அது நமக்காகப் பேசாது. கேம் மாஸ்டராக இருப்பவர்கள் தங்கள் மனக்குறையைப் பாத்திரத்தின்மேல் காட்ட வேண்டாம். ஆட்டத்தை நிறுத்தி, அந்த நண்பரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். ஆடுகிறவர்களும் முதுகுக்குப் பின்னால் புலம்பாமல் கேம் மாஸ்டரிடமே கேளுங்கள். பேசியும் ஒத்துவரவில்லை என்றால், இந்தக் குழு நமக்குச் சரிப்படவில்லை என்று நேரே சொல்லிவிட்டு நண்பர்களாகவே பிரியுங்கள். ஒருவரை மேஜையிலிருந்து அனுப்புவதற்காக அவருடைய பாத்திரத்தைக் கொல்லாதீர்கள்.