வெஸ்ட்லி குறிப்புகள்: காணாமப் போன 372 மில்லி

மக்களே, இந்த வாரம் கொஞ்சம் புகை மேட்டர். (சிகரெட் இல்ல!)

2001 செப்டம்பர் 11 அன்னிக்கு நியூயார்க் தீயணைப்புத் துறையில 343 பேர் செத்துப் போனாங்க. அந்தப் புழுதியால வந்த வியாதிகள்ல அதுக்கப்புறம் இறந்த அதே துறை ஆட்களோட எண்ணிக்கை, 2023 செப்டம்பர்ல 343ஐ எட்டிருச்சு. சிமெண்ட் தூளும் கண்ணாடி இழையும் கலந்த புழுதி. முதல் சில நாள் பெரும்பாலானவங்களுக்கு ஒழுங்கான மாஸ்க் கூட இல்ல.

நான் சொல்ல வந்தது அவங்க வச்சிருந்த பழைய கணக்கைப் பத்தி. தாக்குதலுக்குச் சில வருஷம் முன்னாடியே ஆட்களை ஸ்பைரோமீட்டர்ல ஊதச் சொல்லி எழுதி வச்சிருந்தாங்க. ஒரு செகண்டுல எவ்வளவு காத்தை வெளியே தள்ள முடியுதுங்கிற அளவு அது. வயசாக ஆக வருஷத்துக்கு 30 மில்லி போல குறையும். டேவிட் பிரெசன்ட் குழுவினர் பழைய அளவையும் புது அளவையும் ஒப்பிட்டு 2006ல வெளியிட்டாங்க: முதல் வருஷத்துலயே சராசரியா 372 மில்லி காணோம். ஒரு கோக் டின்னை விட அதிகம். 12 வருஷ முதுமை ஒரே வருஷத்துல! 2010ல வந்த கட்டுரைப்படி, ஏழு வருஷம் கழிச்சும் பெரும்பாலானவங்களுக்கு அது திரும்பி வரல.

சரி, ஒரே புழுதியைத்தானே எல்லாரும் சுவாசிச்சாங்க, சிலருக்கு மட்டும் ஏன் இவ்வளவு மோசமாச்சு? இங்கதான் ரத்தம் வருது. ஆறு மாசத்துக்குள்ள எடுத்த ரத்தத்தோட சீரத்தை சேமிச்சு வச்சிருந்தாங்க. சிகரெட்டே பிடிக்காதவங்களோட சீரத்தை அன்னா நோலன் குழு ஆராய்ஞ்சு 2012ல சொன்னது: எம்டிசி, ஜிஎம்-சிஎஸ்எஃப்ங்கிற ரெண்டு எதிர்ப்பு சக்திப் புரதங்கள் அதிகமா இருந்தவங்களுக்கு, பின்னாடி மூச்சுக்குழாய் அடைப்பு வர்ற வாய்ப்பும் அதிகம். 2018ல ஈசினோபில் கணக்கு வந்துச்சு. மைக்ரோலிட்டருக்கு 300ஓ அதுக்கு மேலயோ இருந்தா, ஆஸ்துமாவும் சிஓபிடியும் சேர்ந்து வர்ற ஆபத்து கூடுது. நம்மூர்ல ரெண்டு தும்மல் போட்டா "ஈஸ்னோபீலியா"ம்பாங்களே, அதே அணுதான்!

இதை வச்சு தனி ஆளுக்கு நுரையீரல் ஜோசியம் பார்க்க முடியாது. கூட்டத்துக்கான வாய்ப்புக் கணக்கு இது. யாராவது புத்திசாலி இதை வச்சு "உனக்கு ஈசினோபில் ஜாஸ்தி, வேலை கிடையாது"ன்னு ஆரம்பிச்சா அதைவிட அநியாயம் இல்ல. யாரை அடிக்கடி பரிசோதிக்கணும், யாருக்கு சீக்கிரமே மருந்து ஆரம்பிக்கலாம்னு பார்க்கத்தான் இது உதவணும்.

2017 மே 31ல தி.நகர் சென்னை சில்க்ஸ் எரிஞ்சப்போ கரும்புகைக்குள்ள நின்னவங்களை டிவியில பார்த்திருப்பீங்க. 2023 மார்ச்ல கொச்சி பிரம்மபுரம் குப்பைமேட்டுல பன்னிரண்டு நாள் பிளாஸ்டிக் புகை. அவங்கள்ல ஒருத்தரை இன்னிக்குக் கூப்பிட்டு ஊதச் சொன்னா இன்னிக்கு அளவுதான் தெரியும். அந்தப் புகைக்கு முன்னாடி ஊதின அளவும் கையில இருந்தாத்தான், வேலையில எவ்வளவு மூச்சைத் தொலைச்சாருன்னு நஷ்ட ஈடு கேட்டுப் போற இடத்துல காட்ட முடியும்.